வெட்டி எடுத்த டான்சிலை ஆய்வகம் பார்க்க வேண்டுமா?

தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் செம்பூரானாலும், நம்மவர் வீடுகள் பலவற்றில் டான்சில் ஆப்பரேஷன் என்ற பேச்சு ஒரு தடவையாவது அடிபட்டிருக்கும். ஆப்பரேஷன் முடிந்து பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடிக்கும் நேரத்தில் தகப்பனார் கைக்குப் பில் வருகிறது. அதில் 'ஹிஸ்டோபதாலஜி' என்று ஒரு வரி, அதற்கு நேரே ஒரு தொகை. "சதையைத்தான் எடுத்தாச்சே, அதுக்கு வேற எதுக்குத் தனியா காசு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வேறொரு ஆஸ்பத்திரியில் அந்த வரியே இருப்பதில்லை. அங்கே கேள்வி வேறு விதமாக வருகிறது. "டெஸ்டுக்கு அனுப்பாமலே தூக்கிப் போட்டுட்டாங்களே, உள்ளே ஏதாவது இருந்திருந்தா?"

இரண்டு கேள்வியும் நியாயமானவையே. முதலாவது காசைப் பற்றியது, இரண்டாவது உயிரைப் பற்றியது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் உண்டா என்று தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. நான் மருத்துவக் கல்லூரி வாசலை மாணவனாக மிதித்தவன் அல்லன். மருத்துவர்கள் எழுதியதை ஆர்வத்தால் படித்து வருபவன். ஆகவே இதை ஒரு விளக்கமாகக் கொள்ளுங்கள். முடிவை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசி எடுங்கள்.

பெயர்க் குழப்பம்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். "பிள்ளைக்கு உள்நாக்கு வளர்ந்திருக்காம்" என்று நம் பெண்கள் சொல்வதுண்டு. உள்நாக்கு என்பது வாயைத் திறந்தால் நடுவில் தொங்கும் சிறு சதை. அது டான்சில் அன்று. டான்சில் என்பது உள்நாக்கின் இரு பக்கமும், தொண்டைச் சுவரில், பாதாம் பருப்புப் போல் பதிந்திருக்கும் இரண்டு சதைகள். தமிழில் அடிநாக்குச் சதை என்று எழுதுகிறார்கள். அடினாய்டு நம் கண்ணுக்குத் தெரியாது. மூக்கின் பின்புறம், அண்ணத்துக்கு மேலே, மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில் இருக்கிறது. கண்ணாடியோ குழல்கேமராவோ எக்ஸ்ரேயோ வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இவை எல்லாமே ஒரே குடும்பம். உடம்புக்குள் நுழையும் காற்றையும் உணவையும் வாசலிலேயே சோதிக்கும் காவற்காரர்கள் என்று சொல்லலாம். நாக்கின் அடியிலும் இதே வகைச் சதை உண்டு. எல்லாம் சேர்ந்து தொண்டையைச் சுற்றி ஒரு வளையம் போல் அமைந்திருப்பதை 1884இல் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் வால்டெயர் விவரித்தார். இன்றும் அதற்கு வால்டெயர் வளையம் என்றே பெயர். அடினாய்டு தரும் தொல்லைகளை 1868இல் விளக்கி எழுதியவர் கோபன்ஹேகன் நகர மருத்துவர் வில்ஹெல்ம் மேயர். டான்சிலை எடுப்பது அதைவிடப் பழைய வித்தை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியின் செல்சஸ், விரலால் நெம்பி எடுக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார்.

சிறு வயதில் இந்தச் சதைகள் பெரிதாக இருப்பது இயற்கை. பிள்ளை வளர வளர இவை சுருங்கும். அடினாய்டு பெரும்பாலும் பருவ வயதுக்குள் சுருங்கிப் போய்விடும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அடிக்கடி சீழ் பிடித்துக் காய்ச்சல் வருவது, தூக்கத்தில் மூச்சு முட்டுவது, வாயால் மூச்சு விடுவது, காதில் நீர் கோத்துக் கேட்காமல் போவது ஆகியவையே பிள்ளைகளுக்கு ஆப்பரேஷன் செய்வதற்கான முக்கியக் காரணங்கள். இவற்றில் எதுவும் புற்றுநோய்ச் சந்தேகம் அன்று.

ஆய்வகத்தில் நடப்பது என்ன?

வெட்டி எடுத்த சதையை ஃபார்மலின் என்ற திரவத்தில் போடுகிறார்கள். சதையின் அளவைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இந்தத் திரவம் சதையை அழுகாமல் இறுக்கி வைக்கும் என்று 1893இல் கண்டு சொன்னவர் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற ஜெர்மானியர். பிறகு ஆல்கஹாலில் நீரை வற்றவைத்து, மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருநூற்றைம்பதில் ஒரு பங்கு தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றுகிறார்கள். அதன் பின்தான் நுண்ணோக்கி. இத்தனைக்கும் ஆள், நேரம், பொருள் வேண்டும். பில்லில் வரும் தொகை இந்த வேலைக்கானது.

ஆய்வகத்தின் வேலையில் இரண்டு படி உண்டு. சதையை வெறும் கண்ணால் பார்த்து, அளந்து, எடை போட்டு, வெட்டிப் பார்த்து எழுதுவது முதல் படி. சீவிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது இரண்டாம் படி. முதல் படியோடு நிறுத்திக்கொள்வதும் முறையான பரிசோதனையே. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் கல்லூரியின் வழிகாட்டலும் இந்தப் போக்கில்தான் இருக்கிறது. எந்தச் சதையை முழுமையாகப் பார்ப்பது, எதைக் கண்ணால் மட்டும் பார்ப்பது, எதை அனுப்பாமலே விடலாம் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் மருத்துவர்களோடு கலந்து எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. கண்ணால் மட்டும் பார்த்தால் போதும் என்று சொல்லப்படும் பொருள்களுக்கு உதாரணமாகக் குழந்தைகளின் டான்சிலும் அடினாய்டும் வருகின்றன.

ரிப்போர்ட்டின் மொழியைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. 'ரியாக்டிவ் லிம்ஃபாய்டு ஹைபர்பிளாசியா' என்று எழுதியிருந்தால், கிருமிகளோடு போராடிச் சதை பெருத்திருக்கிறது என்பதுதான் பொருள். அது புற்று அன்று. 'ஆக்டினோமைசிஸ்' என்ற கிருமிக் கூட்டம் டான்சில் குழிகளில் தென்பட்டது என்று எழுதியிருப்பார்கள். சும்மா தங்கியிருக்கும் அந்தக் கிருமிக்குப் பெரும்பாலும் தனி வைத்தியம் தேவைப்படாது. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி இரவெல்லாம் விழித்திருப்பதைவிட, டாக்டரிடம் கொண்டுபோய் இரண்டு நிமிஷம் கேட்பது நல்லது.

வழக்கம் எங்கிருந்து வந்தது?

எடுத்த சதை எல்லாவற்றையும் ஆய்வகம் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்ததற்கு நல்ல காரணம் இருந்தது. 1920களில் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த முனைந்தபோது இந்த ஏற்பாடும் வலுப்பெற்றது. நோயாளிக்கு நோய் என்ன என்று தெரிவது ஒரு பலன். நோயே இல்லாத உறுப்பை வெட்டித் தள்ளும் அறுவை மருத்துவரைக் கண்டுபிடிப்பது இன்னொரு பலன். கடைக்குக் கணக்குப்பிள்ளை போல, ஆப்பரேஷன் தியேட்டருக்கு ஆய்வகம்.

அப்படி ஒரு காவல் தேவைப்பட்ட காலம்தான் அது. 1934இல் நியூயார்க்கில் பள்ளிப்பிள்ளைகள் 1,000 பேரைப் பார்த்தார்கள். 611 பேருக்கு டான்சில் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. மீதி 389 பேரை மருத்துவர்களிடம் காட்டியதும் 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். தேவையில்லை என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் அனுப்பினால், அதிலும் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். மிஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை காட்ட, 51 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். ஆயிரம் பேரில் கடைசியில் தப்பியவர்கள் 65 பேர்! பார்க்கிற ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு 'எடு' என்று சொல்வது ஒரு கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது. இன்று டான்சிலை எடுக்கத் தெளிவான நிபந்தனைகள் வந்துவிட்டன. ஆனால் காரணம் கேட்காமல் பழக்கத்தால் செய்வது என்ற குணம் மருத்துவத்தில் மட்டுமா, எந்தத் தொழிலிலும் எளிதில் போகாது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நோயாளிக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. அதே சமயம், "எதற்கும் ஒரு ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்" என்ற எச்சரிக்கையும் டாக்டர்களிடம் வளர்ந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வழக்கு என்று வந்தால் காகிதம்தானே பேசும்?

கணக்கு என்ன சொல்கிறது?

இனி வியாபாரி கண்ணோடு பார்ப்போம். 2007இல் அமெரிக்க மருத்துவர்கள் மூவர் வெளியிட்ட கட்டுரையில், அதற்கு முன் வந்த 20 ஆய்வுகளைத் தொகுத்துக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 54,901 நோயாளிகள். சதையில் புற்று இருந்தது 54 பேருக்கு. அதாவது ஆயிரம் பேருக்கு ஒருவர். இதோடு நிறுத்தினால், "ஆயிரத்தில் ஒருவர் என்றால் சின்ன எண்ணா? எல்லாருக்கும் பார்த்துவிடலாமே" என்று தோன்றும்.

அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. அந்த 54 பேரில் 48 பேருக்கு ஆப்பரேஷனுக்கு முன்பே சந்தேகக் குறிகள் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்தது, கழுத்தில் நெறி கட்டியிருந்தது, டான்சிலின் தோற்றமே சரியில்லை. எந்தக் குறியும் இல்லாமல் எதிர்பாராமல் அகப்பட்டவர்கள் 6 பேர் மட்டுமே. ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேருக்கு ஒருவர். வழக்கமான பரிசோதனை தேவையில்லை என்பதே அக்கட்டுரையின் முடிவு.

மூட்டைகள் வந்து இறங்கும்போது நாங்கள் எல்லா மூட்டையையும் பிரித்துக் கொட்டுவதில்லை. முதலில் கண்ணால் பார்ப்போம், கையால் தட்டுவோம், மோந்து பார்ப்போம். ஈரம் பட்ட மூட்டை, எடை குறைந்த மூட்டை, தையல் விட்ட மூட்டை தனியே போகும். அவற்றில் தயவு தாட்சண்யம் இல்லாமல் குத்தூசி இறங்கும். பார்வையும் கையும் ஒழுங்காக வேலை செய்தால்தான் இந்த முறை செல்லும். கண்ணை மூடிக்கொண்டு இறக்கிவிட்டு, குத்தூசியும் போடாமல் இருந்தால் சரக்கு புழுத்துப் போகும். டான்சில் கணக்கும் அப்படியே. அந்த 48 பேரும் முன்கூட்டியே சந்தேகிக்கப்பட்டது, யாரோ ஒரு டாக்டர் வாயைத் திறந்து நன்றாகப் பார்த்து, விரல் வைத்துத் தடவி, கழுத்தை அழுத்திப் பார்த்ததால்தான்.

பொது நன்மைக்காகப் பெரிய அளவில் சோதிப்பது வேறு விஷயம். பிரிட்டனில் மாட்டிறைச்சி வழியாகப் பரவிய மூளை நோயின் தடயம் மக்களிடையே எவ்வளவு இருக்கிறது என்று அறிய, எடுக்கப்பட்ட டான்சில்களைப் பெயர் நீக்கிச் சேகரித்துப் பார்த்தார்கள். 63,007 பேரின் டான்சில்களைச் சோதித்த முடிவு 2009இல் வெளியானது. உறுதியான தடயம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அந்தச் செலவைத் தேசம் ஏற்றது. ஒரு தனிக் குடும்பத்தின் பில்லில் எழுதப்படும் சோதனைக்கு, அந்த நோயாளிக்கே உரிய காரணம் ஒன்று வேண்டும்.

யாருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

இதுவரை படித்துவிட்டு "அப்போ டெஸ்ட் வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யாருக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் உயிர்.

பெரியவர்களுக்கு 1998இல் ஓர் அமெரிக்க ஆய்வு ஆறு குறிகளைச் சொன்னது. முன்பே தலை, கழுத்துப் பகுதியில் புற்று வந்திருப்பது, ஒரு டான்சில் மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, தொட்டால் கல் போல் கெட்டியாக இருப்பது அல்லது புண் தெரிவது, கழுத்தில் கட்டி, காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், வியர்வை, சோர்வு போன்று உடம்பு முழுவதையும் தாக்கும் குறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சதை நுண்ணோக்கிக்குப் போயே ஆக வேண்டும். ஒரு பக்கம் பெரிதாகத் தெரிவது சில சமயம் வெறும் தோற்றம்தான் என்பதும் உண்மை. ஒரு டான்சில் குழிக்குள் ஆழமாகவும் மற்றது வெளியே தள்ளியும் இருந்தால், அளவு ஒன்றாக இருந்தும் வேறாகத் தெரியும். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர், நாமல்ல.

மும்பைவாசிகளான நாம் இந்தப் பட்டியலோடு புகையிலையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரேலில் 1941 பிப்ரவரி 28இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையில், அதன் ஆய்வகங்களுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் வி.ஆர். கானோல்கர், நம் மக்களின் வாய்ப்புற்றுக்கும் புகையிலைப் பழக்கத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். இந்தியாவில் நோய்க்குறியியலின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள். மகாராஷ்டிரத்தில் குட்கா 2012இல் தடை செய்யப்பட்டது. ஆனால் பீடியும் சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கும் புகையிலையும் போகவில்லை. நாற்பது ஐம்பது வயதில் ஒருவருக்கு "டான்சில் வீங்கியிருக்கு" என்றால், அதைப் பிள்ளைகளுக்கு வரும் டான்சில் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பக்கமாகத் தொண்டை வலி, அந்தப் பக்கக் காதில் குத்தல், விழுங்க முடியாமை என்று வந்தால் ஆப்பரேஷனுக்குக் காத்திராமல் முதலில் சிறு துண்டு எடுத்துப் பயாப்சி பார்ப்பதே முறை. புகையிலையே தொடாதவருக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸால் டான்சிலில் புற்று வரலாம் என்பது பிற்காலத்தில் தெளிவான உண்மை.

அடினாய்டு பருவ வயதுக்குள் சுருங்கிவிடும் என்று மேலே சொன்னேன். ஆகவே பெரியவர் ஒருவருக்கு அந்த இடத்தில் சதை வளர்ந்திருந்தால், ஒரு காதில் மட்டும் நீர் கோத்திருந்தால், அது ஏன் என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. மூக்கின் பின்புறத்தில் வரும் புற்று நாகாலாந்து போன்ற வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். அங்கிருந்து பிழைப்புக்காக வந்தவர்களும் நம்மோடுதானே இந்நகரில் வாழ்கிறார்கள்! பருவ வயதுப் பையன்களுக்கு மூக்கடைப்போடு திரும்பத் திரும்ப மூக்கில் ரத்தம் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது அடினாய்டாக இல்லாமல் ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கக் கூடும். ஸ்கேன் பார்க்காமல் கை வைத்தால் ரத்தத்தை நிறுத்துவது கடினம்.

பிள்ளைகளில் தனியே கவனிக்க வேண்டியவர்கள்: ஒரு பக்க டான்சில் சில வாரங்களில் மளமளவென்று பெருத்த பிள்ளை, கழுத்தில் வலியில்லாத பெரிய நெறி உள்ள பிள்ளை, கல்லீரலோ சிறுநீரகமோ மாற்றிவைத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் பிள்ளை. பிள்ளைகளின் டான்சிலில் வரும் புற்று பெரும்பாலும் லிம்ஃபோமா வகை. நல்ல வைத்தியம் உண்டு. சீக்கிரம் தெரிய வேண்டும், அவ்வளவே.

நமக்கென்று ஒரு கணக்கு: காசநோய்

மேல்நாட்டுக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு ஒரு பெரிய காரணம் காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் இந்தியர். ஒற்றை அறையில் ஐந்தாறு பேர் படுக்கும், வெயிலும் காற்றும் நுழையாத குடியிருப்புகள் நிறைந்த நம் நகரத்தில் இந்நோயைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டான்சிலிலும் அடினாய்டிலும் காசநோய் வரும். அபூர்வம்தான், ஆனால் வரும். பாலைக் காய்ச்சாமல் குடித்த காலத்தில் ஐரோப்பாவிலும் இது இருந்தது.

ஆகவே வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தால், பிள்ளைக்குச் சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, கழுத்தில் நெறி இருந்தால், அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். "சொன்னா என்ன நினைப்பாங்களோ" என்று நம்மவர்கள் இந்த நோயை மட்டும் ஒளிப்பதுண்டு. ஒளித்தால் நஷ்டம் பிள்ளைக்கு. 2012 முதல் இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். அரசுத் திட்டத்தில் மருந்து இலவசம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். பிறகு அதை வளர்த்துப் பார்க்கவோ, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறியவோ முடியாது. காசநோய்ச் சந்தேகம் இருந்தால் சதையில் ஒரு பகுதியை ஃபார்மலின் இல்லாமல், உப்பு நீரில் தனியே அனுப்ப வேண்டும். லிம்ஃபோமா சந்தேகம் இருந்தாலும் ஒரு பகுதியைப் புதிதாகவே, தாமதமின்றி ஆய்வகத்துக்குச் சேர்ப்பது நல்லது. இதெல்லாம் தியேட்டருக்குள் போகும் முன்பே தீர்மானிக்க வேண்டியவை. சதை ஃபார்மலினுக்குள் போன பிறகு யோசித்துப் பயனில்லை.

அனுப்பும் முறை

சோதனை வேண்டும் என்று முடிவானால் வலது டான்சில் ஒரு டப்பா, இடது டான்சில் ஒரு டப்பா என்று பிரித்துப் பெயர் எழுதி அனுப்புவது முறை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டால், புற்று என்று தெரிந்த பிறகு எந்தப் பக்கம் என்று யார் சொல்வது? ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் "டான்சில்" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது. வயது, புகையிலைப் பழக்கம், எத்தனை நாளாக வீக்கம், எதைச் சந்தேகிக்கிறோம் என்பது இருந்தால்தான் பார்ப்பவர் எதைத் தேடுவது என்று தெரிந்து தேடுவார்.

ஆப்பரேஷன் முறையும் இதைப் பாதிக்கும். அடினாய்டைச் சுரண்டி எடுக்கும் பழைய முறையில் சதை துண்டாகக் கிடைக்கும். சுழலும் கருவியால் அரைத்து உறிஞ்சும் முறையிலும், மின் அலையால் கரைக்கும் முறையிலும் ஆய்வுக்குத் தோதான துண்டு கிடைப்பது கடினம். சந்தேகம் உள்ளவருக்கு எந்த முறை என்பதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அனுப்பாத சதை எங்கே போகிறது?

உயிர்மருத்துவக் கழிவு விதிகள் முதலில் 1998இலும் பிறகு விரிவாக 2016இலும் வந்தன. அவற்றின்படி மனிதச் சதை மஞ்சள் பையில் கட்டப்பட்டு எரிக்கப்பட வேண்டும். ஆய்வுக்கு அனுப்பாவிட்டாலும் அதைக் குப்பையோடு கலக்க எவருக்கும் உரிமையில்லை. அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அறுவை மருத்துவர் சதையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இரண்டும் ஒரே அளவா, புண்ணோ கட்டியோ உண்டா என்று கவனித்து, ஆப்பரேஷன் குறிப்பில் இரண்டு வரி எழுத வேண்டும். செலவில்லாத பரிசோதனை இது. ஐயம் எழுந்தால் அந்த நிமிஷமே முடிவை மாற்றி ஆய்வகத்துக்கு அனுப்பலாம். மஞ்சள் பை போனபின் அனுப்ப முடியாது.

வாங்காத ரிப்போர்ட்

எல்லாவற்றிலும் வருந்தத்தக்கது, சோதனை செய்து முடிவும் வந்து, அதை வாங்க யாரும் போகாமல் இருப்பது. ஆப்பரேஷன் ஆன சில நாளில் தொண்டை ஆறிவிடுகிறது, வேலைக்குப் போயாக வேண்டியிருக்கிறது. பெரிய அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரிகளில் ரிப்போர்ட்டுக்காக ஒரு நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டும். "இனிமே அதுல என்ன இருக்கப்போகுது" என்று விட்டுவிடுகிறார்கள். படிக்கப்படாத ரிப்போர்ட்டும் செய்யப்படாத சோதனையும் நோயாளிக்கு ஒன்றுதான். நூற்றுக்கணக்கான தேவையற்ற சோதனைகளை ஆய்வகத்தின் தலையில் ஏற்றும்போது, உண்மையிலேயே அவசரமான அந்த ஒரு ரிப்போர்ட் குவியலின் அடியில் போய்ச் சிக்குகிறது என்பதையும் எண்ண வேண்டும். வேண்டாதவருக்குச் சோதனையைக் குறைப்பது வேண்டியவருக்கும் செய்யும் உபகாரம்.

ஆகவே டான்சிலோ அடினாய்டோ எடுக்கத் தேதி குறித்ததும் டாக்டரிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். ஒன்று, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, கழுத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா? இரண்டு, சதையை ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறீர்களா, அனுப்பினால் எந்தக் காரணத்துக்காக? மூன்று, அனுப்பாவிட்டால் நீங்கள் பார்த்ததைக் குறிப்பில் எழுதித் தருவீர்களா? நான்கு, காசநோய்க்கான தனி மாதிரி தேவையா? ஐந்து, ரிப்போர்ட் எந்தத் தேதியில், யாரிடம் கிடைக்கும்? மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் சமண மரபில் அநேகாந்தம் என்று ஒரு கொள்கை உண்டு. ஒரு பொருளைப் பற்றி 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும், எந்த நிலையில் நின்று சொல்கிறோம் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் உண்மையாகும். எடுத்த டான்சிலைப் பரிசோதிக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் அப்படித்தான். இருபக்கமும் ஒத்திருக்கும், வேறு குறி எதுவுமில்லாத ஆறு வயதுப் பிள்ளைக்கு, கவனமாகப் பார்த்த டாக்டரின் கண் போதும். ஒரு பக்கம் கெட்டித்த, கழுத்தில் கட்டியுள்ள, பீடி குடிக்கும் ஐம்பது வயதுக்காரருக்கு நுண்ணோக்கி இல்லாமல் ஆகாது. இந்த இருவருக்கும் ஒரே விதி என்று வைத்தால் ஒருவருக்குக் காசு போகும், மற்றவருக்கு உயிரே போகலாம்.